இடைகழியில் நான்காவது ஆள்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், ஒரு கடைவீட்டு மேல்மாடியில் நடந்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.



திருக்கோவிலூர்க் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மழை கொட்டும் இரவு. ஒரு வீட்டின் இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்கிறார். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம் என்று சொல்லி இவர் எழுந்து உட்காருகிறார். சற்று நேரத்தில் பேயாழ்வார் வருகிறார். இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்று மூவரும் எழுந்து நிற்கிறார்கள். அப்போது நான்காவதாக யாரோ நடுவில் புகுந்து நெருக்குகிறார். யாரென்று பார்க்க விளக்கு ஏற்றுகிறார்கள். முதல் மூன்று திருவந்தாதிகள் பிறந்த கதை இது.

பக்தர்களுக்கு அது, நெருக்கியவர் பெருமாளே என்று கண்ட கதை. முப்பது ஆண்டுகளாக இந்த ஊர்க் கிடங்குகளில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியும் ஓட்டக் கற்றுக்கொடுத்தும் வரும் எனக்கு அது இடநெருக்கடிக் கதையாகவும் தெரிகிறது. அந்த இடைகழியின் அகலம் ஒரு விரற்கடைகூடக் கூடவில்லை. உள்ளே இருந்தவர்கள் உடம்பை வைத்துக்கொண்ட விதம்தான் மாறியது. படுத்தவர் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் நின்றார். நான் இன்று பேச வந்திருக்கும் வண்டிகளின் கதையும் அதேதான்.

கிடங்கில் இரண்டு ரேக்குகளுக்கு நடுவே வண்டி போகும் வழியை எங்கள் ஆட்கள் ‘ஐல்’ என்பார்கள். இன்றைக்கு மட்டும் நான் அதை இடைகழி என்றே சொல்லப்போகிறேன். கிடங்கு என்ற சொல்லும் நம்முடையதுதான். மலாயில் குடாங், ஆங்கிலத்தில் கோடவுன். இவற்றின் வேர் தமிழ்க் கிடங்கு என்றும் தெலுங்குச் சொல் என்றும் அகராதிக்காரர்கள் இருவிதமாகச் சொல்கிறார்கள். அவையில் தெலுங்கு அன்பர்கள் இருந்தால் கூட்டம் முடிந்ததும் கீழே தேநீர்க்கடையில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். நீளமான ஒரே கூடம். ஆளுக்கு ஒரு சாய்ப்புப் பெட்டி, ஒரு பாய். பகலில் அது கடை, இரவில் அதுவே படுக்கை. இட அருமை தெரிந்த கட்டடம் இந்த ஊரில் நேற்று வந்ததல்ல.

சிங்கப்பூர் ஆற்றங்கரைக் கிடங்குகளின் இடைகழி எவ்வளவு அகலம் என்று யாராவது கேட்டால், முதுகில் மூட்டையோடு ஓர் ஆள் போகும் அகலம் என்பேன். அங்கே வண்டியே மனிதன்தான். ஆரம்ப காலத்தில் ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவர்களில் பெரும்பகுதி சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட நம் தமிழ் முஸ்லிம்கள். 1983-இல் ஆற்றைச் சுத்தம் செய்தபோது மிச்சமிருந்த படகுகளை பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். ஆனால் மூட்டைக்காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 1972 ஜூன் 23 அன்று நிஹோன் என்ற கப்பல் தஞ்சோங் பகாரில் முதல் கொள்கலன்களை இறக்கியதே, அன்றைக்கே முடிந்துவிட்டது. கொள்கலன் வந்தால் சரக்கு அடுக்கும் பலகையான பேலட் வரும். பேலட் வந்தால் அதைத் தூக்க ஃபோர்க்லிஃப்ட் வரவேண்டும். ஃபோர்க்லிஃப்ட் வந்தால் அது திரும்ப இடம் வேண்டும்.

அந்த இடம்தான் இங்கே இல்லை. விடுதலை அடைந்தபோது சிங்கப்பூர் சுமார் 580 சதுர கிலோமீட்டர். கடலை மண்ணிட்டு நிரப்பி இன்று 730-ஐத் தாண்டியிருக்கிறோம். அதற்குள்தான் வீடும் காடும் நீர்த்தேக்கமும் விமான நிலையங்களும். ஆகவே சரக்கு எழுந்து நிற்கிறது. ஜூரோங், துவாஸ் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: கொள்கலன் லாரியே சுற்றுப்பாதையில் ஏறி மூன்றாம் மாடி, நான்காம் மாடி வாசலில் போய் நிற்கும் கிடங்குகள். ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, லாரி மாடிப்படி ஏறுது” என்றான்.

வாடகை சதுர அடிக்குக் கணக்கு. முதலாளி இடைகழியைப் பார்க்கும்போதெல்லாம் அங்கே காற்றுக்குக் கொடுக்கும் வாடகைதான் அவர் கண்ணில் படுகிறது. அவர் கணக்கு தப்பில்லை. 64 மீட்டர் அகலமுள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் இரண்டு வரிசை ரேக்குக்குச் சுமார் 2.5 மீட்டர் போகும். சாதாரண ஃபோர்க்லிஃப்ட் திரும்ப இடைகழி 3.8 மீட்டர் என்றால் கூடத்தில் 10 இடைகழி பிடிக்கும். பின்னால் சொல்லப்போகும் ரீச் டிரக்குக்கு 2.8 என்றால் 12. மிகக் குறுகிய வழிக்கென்றே செய்த டரட் டிரக்குக்கு 1.7 என்றால் 15. அதே கூரை, அதே வாடகை, ஒன்றரை மடங்கு சரக்கு. எந்த முதலாளிக்குத்தான் ஆசை வராது?

நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்த வரி. வழியில் குறைத்த அகலம் மாயமாய்ப் போய்விடுவதில்லை. அது வேறெங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும்: இரும்பில், தரையில், சில சமயம் ஓட்டுபவன் கழுத்தில். எந்த வண்டி வாங்குவது என்று கேட்பவர்களிடம், அந்த அகலத்தை எங்கே உட்கார வைக்கப் போகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

முதலில் நாம் எல்லோரும் பார்த்த சாதாரண வண்டி. கவுன்டர்பேலன்ஸ் என்பார்கள். நம் ஊர் ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒரு முனையில் சால், மறுமுனையில் மிதிக்கும் ஆள். இதில் முன்சக்கரம்தான் ஏற்றக்கால். முன்னே ஃபோர்க்கில் சரக்கு, பின்னே வார்ப்பிரும்பு எடை. மின்வண்டியானால் பேட்டரியே பாதி எடைக்கு ஆகிவிடும். 2.5 டன் தூக்கும் வண்டியின் சொந்த எடை ஏறத்தாழ 4 டன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து புக்கானனில் கிளார்க் கம்பெனி 1917-இல் செய்த சரக்கு டிராக்டரிலிருந்து தொடங்கி, 1923-இல் யேல் கம்பெனி ஃபோர்க்கும் அதை ஏற்றி இறக்கும் மாஸ்ட் என்ற தூணும் வைத்த மின்வண்டி வழியாக வந்த வம்சம் இது.

பின்னால் எடை இருப்பதால் வண்டி நீளம். ஸ்டியரிங் பின்சக்கரத்தில் இருப்பதால் திரும்பும்போது வால் வெளியே வீசும். முதலை திரும்புவது மாதிரி. ரேக்குக்கு நேராக நின்றால்தானே பேலட்டை உள்ளே விட முடியும்? வண்டி திரும்பும் வட்டத்தின் ஆரம், முன்னச்சிலிருந்து ஃபோர்க் முகம் வரை உள்ள தூரம், பேலட்டின் நீளம், மேலே ஒரு 20 சென்டிமீட்டர் பயத்துக்கு. நான்கையும் கூட்டினால் இடைகழி அகலம் வந்துவிடும். இதை ஏமாற்ற முடியாது. நான் பார்த்த புத்திசாலிகள் எல்லாரும் குறைக்கப் பார்த்தது அந்தக் கடைசி 20 சென்டிமீட்டரைத்தான். ரேக் தூண்களின் அடியில் உள்ள சிராய்ப்பைப் பார்த்தாலே அந்தக் கிடங்கின் மேனேஜர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடலாம்.

மூன்று சக்கரச் சிறு மின்வண்டி கொஞ்சம் குறைந்த இடத்தில் திரும்பும். அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன், ஏனென்றால் இந்த ஊரின் உண்மையான நாயகன் ரீச் டிரக்.

தண்ணீர்க் குடத்தைக் கையை நீட்டித் தூக்கிக்கொண்டு யாரும் தெருவில் நடப்பதில்லை. இடுப்பில் வைத்து நடந்து, மேடை வந்ததும்தான் கையை நீட்டி வைப்பார்கள். ரீச் டிரக் செய்வது அதைத்தான். முன்புறம் இரண்டு கால்கள் நீண்டிருக்கும். ஓடும்போது சரக்கு அந்தக் கால்களுக்கு நடுவே, சக்கரங்களுக்கு உள்ளே இருக்கும். ரேக் வந்ததும் மாஸ்ட் முன்னே நகர்ந்து சரக்கை நீட்டும். பின்னால் குண்டு எடை தேவையில்லை. வண்டி குட்டையாகிவிடும். இடைகழியில் ஒரு மீட்டர் மிச்சம், உயரமோ 10 மீட்டருக்கு மேலும் போகும்.

மிச்சமான அந்த ஒரு மீட்டர் எங்கே போனது? ஐரோப்பிய வகையில் ஓட்டுநர் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார். முன்னே போகும்போது ஒரு தோளுக்கு மேலே பார்க்கிறார், பின்னே வரும்போது மறு தோளுக்கு மேலே. ஜப்பானிய வகையில் உட்காரவே இடமில்லை, நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். சொன்னேனே, இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம்!

நான் முதலில் ஏறியது நிற்கும் வண்டி. அதில் ஒரு விசித்திரம் உண்டு. காரில் பிரேக்கை மிதித்தால் நிற்கும். இதில் மிதித்துக்கொண்டே இருந்தால்தான் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். ஓட்டுபவர் மயங்கி விழுந்தாலும் வண்டி நிற்கவேண்டும் என்று செய்த நல்ல ஏற்பாடு. ஆனால் பயந்த மனிதன் காலை எடுப்பானா? இன்னும் அழுத்தி மிதிப்பான். 1994-இல், நகரின் மேற்கே ஒரு கிடங்கில், வந்த மூன்றாம் நாள், எதிரே ஒரு தூண் வந்தது. நான் உயிரைக் கொடுத்து மிதித்தேன். வண்டியும் விசுவாசமாக ஓடிப்போய்த் தூணின் காப்பு இரும்பில் முட்டியது. சூப்பர்வைசர் ஒரு வயதான சீனர். திட்டவில்லை. என் வலது காலைக் கையால் பிடித்துத் தூக்கி, மறுபடி மிதியில் வைத்து, மறுபடி தூக்கி, பத்துத் தடவை செய்தார், குழந்தைக்கு நடை பழக்குவது மாதிரி. இன்றும் என் வகுப்பில் முதல் பாடம் அதுதான். தம்பிகள் காலைப் பிடிக்கும்போது கூச்சப்படுவார்கள். படட்டும்.

ஒன்பது மீட்டர் உயரத்தில் பேலட் வைப்பதை ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். கீழிருந்து பார்த்தால் ஃபோர்க்கின் நுனி சுண்டுவிரல் நகம் அளவுதான். மாஸ்ட்டை நீட்டியதும் சரக்கு மெல்ல ஆடும். தென்னை ஆடுவது போல, அடியில் ஒன்றும் தெரியாது, உச்சியில் தெரியும். பழகியவன் அப்போது எதையும் தொடமாட்டான். மூச்சைப் பிடித்து இரண்டு எண்ணுவான். ஆட்டம் அடங்கியதும்தான் இறக்குவான். அவசரக்காரன் ஆட்டத்தோடு இறக்குவான், பலகை உடையும். இப்போதைய வண்டிகளில் ஃபோர்க்கிலேயே கேமரா, எந்த அடுக்கு என்று எண்ணை அழுத்தினால் அந்த உயரத்தில் போய் நிற்கும் வசதி எல்லாம் வந்துவிட்டன. அவை இல்லாத காலத்தில் ஒரு நாளைக்கு இருநூறு முறை அண்ணாந்து பார்த்தோம். எங்கள் வயதுக்காரர்கள் இந்த அவையில் நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். கழுத்து திரும்பாது, உடம்போடுதான் திரும்புவார்கள்.

இன்னொன்று. வண்டியில் 1.6 டன் என்று எழுதியிருப்பதை நம்பி 1.6 டன்னை உச்சி அடுக்குக்குக் கொண்டுபோகக் கூடாது. உயரம் ஏற ஏறத் தூக்கும் எடை குறையும். எந்த உயரத்தில் எத்தனை கிலோ என்பது வண்டியில் அடித்திருக்கும் தகட்டில் இருக்கிறது. அதைப் படிக்காமல் சாவியைத் திருப்புகிறவனை நான் தேர்ச்சி பெற விடுவதில்லை.

அடுத்தது டரட் டிரக். மிகக் குறுகிய இடைகழி என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எங்கள் ஆட்கள் இதை ‘வி.என்.ஏ.’ என்பார்கள். ஆந்தை உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் திருப்புமே, அந்த வித்தை. வண்டி இடைகழிக்குள் நேராகப் போய் நேராகவே வரும். ஃபோர்க் தாங்கிய தலை மட்டும் இடமும் வலமும் திரும்பி, பக்கவாட்டில் நகர்ந்து, பேலட்டை உள்ளே தள்ளும். வண்டியே திரும்ப வேண்டியதில்லை என்றால் இடைகழிக்கு வண்டியின் அகலமும் இரு பக்கமும் ஒரு சாண் சந்தும் போதும். சில வகைகளில் ஓட்டுநர் கீழேயே இருப்பார். பெரிய வகைகளில் அவர் அறையே சரக்கோடு மேலே போகும். இடுப்பில் வார்ப்பட்டை மாட்டிக்கொண்டு 12 மீட்டர் உயரத்தில், கைநீட்டினால் ரேக் தொடும் தூரத்தில் நிற்பார். முதல் தடவை மேலே போன பட்டுக்கோட்டைத் தம்பி ஒருவனிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். “தேர்மேல ஐயர் மாதிரி இருந்துச்சு அண்ணே, கும்பிடத்தான் கீழ யாரும் இல்ல” என்றான்.

தேர் என்பது சரியான உவமைதான், ஏனென்றால் இதற்கும் தேரோடும் வீதி வேண்டும். தரைக்குள் புதைத்த கம்பியின் சமிக்ஞையைப் பிடித்தோ, இருபுறத் தண்டவாளத்தை ஒட்டியோதான் இடைகழிக்குள் ஓடும். கம்பியைப் பிடித்ததும் ஸ்டியரிங்கை வண்டியே பார்த்துக்கொள்ளும். ஆனால் தரை?

என் சட்டைப்பையில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) நாணயம் இருக்கிறது. தடிமன் சுமார் 2.5 மில்லிமீட்டர். வண்டியின் ஒரு பக்கச் சக்கரத்துக்கும் மறுபக்கச் சக்கரத்துக்கும் 1.2 மீட்டர் தூரம் என்று வையுங்கள். ஒரு சக்கரத்தடியில் தரை இந்த நாணயம் அளவு மேடாக இருந்தால், 12 மீட்டர் உயரத்தில் உள்ள தலை அதைப்போல் பத்து மடங்கு சாயும். 25 மில்லிமீட்டர், ஓர் அங்குலம். வண்டி நின்றிருக்கும்போதே அப்படி என்றால் ஓடும்போது ஊசலாட்டம் இன்னும் கூடும். இரு பக்கமும் ஒரு சாண் சந்துதான் என்று சொன்னேன். அதில் ஓர் அங்குலம் நாணயத்துக்கே போய்விட்டது. அதனால்தான் இந்த வண்டிக்குக் கண்ணாடி போல மட்டம் பார்த்து இழைத்த தரை கேட்கிறார்கள். அந்தச் செலவு வண்டி விலைப்பட்டியலில் இருக்காது.

லாரி ஏறும் மாடிக் கிடங்குகளை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்மாடித் தரை மண்ணில் உட்கார்ந்த தரையல்ல, தூண்களுக்கு நடுவே தாங்கிய காங்கிரீட் பலகை. சுமை ஏற ஏற அது மிகமிகக் கொஞ்சம் தொய்யும். மனிதக் கண்ணுக்குத் தெரியாது, 12 மீட்டர் மாஸ்ட்டுக்குத் தெரியும். வண்டியின் எடையே பல டன். சதுர மீட்டருக்கு இத்தனை என்று தரைக்குச் சுமை வரம்பும் உண்டு. நான் பார்த்த வரையில் மாடிகளில் ரீச் டிரக்தான் அதிகம், டரட் டிரக் பெரும்பாலும் தரைத்தளத்தில். இடத் தட்டுப்பாடு அதிகமுள்ள ஊரில், இடத்தை அதிகமாகச் சேமிக்கும் வண்டிக்குக் கால் வைக்க இடம் தேடவேண்டியிருக்கிறது!

இன்னும் இரண்டு கணக்கு இதில் ஒளிந்திருக்கிறது. இடைகழி 1.7 மீட்டர் என்று மகிழ்கிறவர், ஓர் இடைகழியிலிருந்து வெளியே வந்து அடுத்ததில் நுழைய வண்டிக்கு வரிசையின் முனையில் அகலமான வெளி வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார். அடுத்து, இந்த வண்டி லாரியிலிருந்து சரக்கு இறக்காது. அதற்கு இன்னொரு வண்டி, இன்னோர் ஆள். ஒரு வண்டி கெட்டால் அந்த இடைகழிச் சரக்கு முழுவதும் சிறையில்.

இந்தக் குறைக்கு மருந்தாகப் பிரிட்டனில் ஒரு வண்டி கண்டுபிடித்தார்கள். நடு இடுப்பில் கீல் வைத்து முன்பாதி தனியாக ஒடிந்து திரும்பும் வண்டி. பெண்டி, ஃபிளெக்ஸி என்ற பெயர்களில் வரும். அயர்லாந்திலிருந்து ஐல்மாஸ்டர் வருகிறது. லாரியிலும் இறக்கும், மழையில் முற்றத்திலும் ஓடும், உள்ளே வந்து 2 மீட்டரை ஒட்டிய இடைகழியிலும் பேலட் வைக்கும். தனித் தரை வேண்டாம், கம்பி வேண்டாம். அப்படியானால் அகலம் எங்கே போயிற்று? ஓட்டுபவன் தலைக்குள். முன்பாதி ஒரு திசையிலும் பின்பாதி ஒரு திசையிலும் இருக்கும்போது தன் வால் எங்கே இருக்கிறது என்று அவனுக்கு எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். இருபது வருடம் சாதாரண வண்டி ஓட்டியவர்களுக்கு இது சட்டென்று வராது, கை பழைய பழக்கத்துக்கே போகும். நேற்று வந்த பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். எனக்கு மிகவும் பிடித்த வண்டியும் இதுதான்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பேலட்டுக்குப் பின்னால் இன்னொன்றை ஒளித்து வைக்கும் இரட்டை ஆழ ரேக்குக்கு, கத்தரி போல நீளும் கையுள்ள ரீச் டிரக். பின்னால் உள்ளதை எடுக்க முன்னால் உள்ளதை நகர்த்த வேண்டும். ஒரே சரக்கு நூறு பேலட் வைத்திருப்பவருக்குச் சரி, நூறு வகைச் சரக்கு வைத்திருப்பவருக்குத் தலைவலி. குழாய், மரச்சட்டம் போன்ற நீளச் சரக்குக்கு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடக்கும் சைடுலோடர். வண்டியும் ஆளும் இல்லாமல் கிரேனே எடுத்து வைக்கும் தானியங்கிக் கிடங்குகளும் ஜூரோங் பக்கம் வந்துவிட்டன. அங்கே எனக்கு வேலை இல்லை, அதனால் பேச்சும் இல்லை.

பேலட் பற்றி ஒரு வார்த்தை. இடைகழியை அளக்கும் முன் அதை அளக்க வேண்டும். ஜப்பான் பேலட் 1100க்கு 1100 மில்லிமீட்டர். ஐரோப்பியது 1200க்கு 800. ஆஸ்திரேலியாவுடையது 1165 சதுரம். இங்கே அதிகம் புழங்குவது 1200க்கு 1000. நான்கு திசையிலிருந்தும் கப்பல் வரும் ஊரில் நான்கும் ஒரே நாளில் ஒரே கிடங்கில் வந்து இறங்கும். முதலாளி தன் சொந்தப் பேலட்டை வைத்து இடைகழி போட்டிருப்பார். ஆஸ்திரேலியப் பேலட் வந்த அன்று ஓட்டுநருக்கு வேர்க்கும்.

வேர்க்காத இடமும் ஒன்று உண்டு, குளிர்பதனக் கிடங்கு. சிங்கப்பூர் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. கோழியும் மீனும் மைனஸ் 20 டிகிரியில் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே ஒவ்வொரு கன மீட்டர் காற்றையும் காசு கொடுத்துக் குளிர்விக்கிறார்கள், ஆகவே இடைகழி இன்னும் குறுகும். வெளியே 32 டிகிரி வெயில். தடித்த கோட்டும் கையுறையும் போட்டு உள்ளே போனால் மூக்குமயிர் விறைப்பது தெரியும். வெளியே வந்த கணத்தில் மூக்குக்கண்ணாடி பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். அரை நிமிடம் அப்படியே நிற்க வேண்டும், குருடனாக வண்டியை நகர்த்தக் கூடாது. பேட்டரியும் குளிரில் சீக்கிரம் சோர்ந்துபோகும். தஞ்சாவூர்க் கோடையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அங்கே எட்டு மணி நேரம் வேலை செய்கிறார்கள். தேக்கா சந்தையில் நீங்கள் வாங்கும் உறைந்த வஞ்சிர மீன் அவர்கள் கை தாண்டித்தான் வந்திருக்கும்.

சிரித்துக்கொண்டே சொல்லமுடியாத ஒன்றையும் சொல்லவேண்டும். 2023-இல் இந்த நாட்டில் வேலையிடத்தில் இறந்தவர்கள் 36 பேர், 2024-இல் 43 பேர். காரணங்களின் வரிசையில் வாகனங்கள் முன்னணியில் நிற்கின்றன. கிடங்கில் அடிபடுகிறவன் பெரும்பாலும் வண்டியில் இருப்பவன் அல்ல, நடந்து போகிறவன். வண்டிக்கும் ரேக்குக்கும் நடுவே அரை மீட்டர் சந்து இல்லாத இடைகழிக்குள் வண்டி இருக்கையில் ஆள் நுழையவே கூடாது என்பது ஐரோப்பிய முறை. ஒரு சாண் சந்தில் ஒதுங்க முடியாது. ஆனால் விழுந்த ஒரு பெட்டியை எடுக்க, தொலைபேசியில் பேசிக்கொண்டே, குறுக்குவழி என்று எண்ணி ஒருவன் நுழைந்துவிடுகிறான். திருக்கோவிலூரில் நான்காவதாக நுழைந்தவரை எந்த நெருக்கமும் ஒன்றும் செய்துவிட முடியாது. இவன் மனிதன். பயிற்சிச் சான்றிதழ் வண்டி ஓட்டுபவனிடம் கேட்கிறோம், நடப்பவனிடம் யாரும் கேட்பதில்லை.

கடைசியாக ஒரு வாடிக்கையாளர் கதை. இங்கிருந்து நடக்கும் தூரத்தில் கடை வைத்திருக்கும் மளிகை இறக்குமதியாளர். பெரியவர், பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வெளியே ஒரு மாடிக் கிடங்கில் இடம் எடுத்திருக்கிறார். கடை முன்னால் உள்ள அஞ்சடி நடையில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்து, “தம்பி, எடம் பத்தல. அந்தத் தலை திரும்புற வண்டியாமே, அது ஒண்ணு வாங்கிப் போட்டா எவ்வளவு மிச்சமாகும்?” என்றார். விலைப்பட்டியல் கையிலேயே இருந்தது.

கிடங்குக்குப் போனோம். இரண்டு மீட்டர் நேர்ச்சட்டத்தைத் தரையில் வைத்து அதன் அடியில் நாணயத்தை நீட்டினேன். பல இடங்களில் நாணயம் தடையில்லாமல் உள்ளே போனது. இந்தத் தரையில் அந்த வண்டி ஓடாது பாய் என்றேன். முகம் வாடிவிட்டது. இருக்கிற ரீச் டிரக்கை வைத்து என்ன செய்யலாம் என்று பார்க்க, ஒவ்வொரு அடுக்காகச் சரக்கை இறக்கி எழுதச் சொன்னேன். இரண்டு நாள் ஆயிற்று. பருப்பு, அரிசி, பேரீச்சை எல்லாம் ஓடுகிற சரக்கு. மூன்றாம் இடைகழியின் உச்சி அடுக்குகளில் மட்டும் தூசி படிந்த பேலட்டுகள், அசைந்து பல நாளான அடையாளத்தோடு. ஒன்று இரண்டல்ல, நாற்பதுக்கு மேல். இறக்கி ஒரு பெட்டியைப் பிரித்தோம். வைக்கோலுக்கு நடுவே மண் அகல்விளக்குகள். மூன்று தீபாவளிக்கு முன்னால் மொத்தமாகத் தருவித்து, விற்காமல் மேலே ஏற்றி, மறந்தே போனவை.

பாய் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நான் இதுக்கா தம்பி மாசாமாசம் வாடகை கட்டிக்கிட்டிருக்கேன்?” என்றார். புது வண்டி வாங்கவில்லை. விளக்குகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார், கோயில்களுக்குக் கொஞ்சம் கொடுத்தார். எனக்கும் ஒரு பெட்டி கிடைத்தது. இடைகழியில் நெருக்கிக்கொண்டிருந்தது யார் என்று நாங்களும் பார்த்துவிட்டோம். அது விளக்கேதான்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். பின்வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் உரக்கக் கேளுங்கள், எனக்குக் கழுத்து அவ்வளவு திரும்பாது.